றலியா சாச்சி புகழ்ந்த காணி

எந்தக் காணிக்குள் கால் வைத்தாலும் றலியா சாச்சி மண்ணைப் பார்ப்பதற்கு முன்னால் சுவரைப் பார்ப்பார். சுவர் இல்லாவிட்டால் மரத்தைப் பார்ப்பார். மரமும் இல்லாவிட்டால் பக்கத்து வீட்டுக்காரரைக் கூப்பிட்டு, "தண்ணி எதுவரைக்கும் வந்த?" என்று கேட்பார். மலை உச்சியில் நின்றாலும் இதே கேள்விதான். ஒருமுறை அம்பிட்டியவில், கீழே கண்டி நகரம் முழுக்கத் தெரிகிற ஓர் இடத்தில் நின்று இப்படிக் கேட்டார். அந்த வீட்டுக்காரர் கையை உயர்த்தி வானத்தைக் காட்டினார். "அங்கயிருந்துதான் வரும், இதுவரைக்கும் வேற பக்கத்தால வந்ததில்ல" என்றார்.

சாச்சி எனக்குச் சின்னம்மா முறை. அவரைக் குறை சொல்ல முடியாது. அவர் பிறந்ததும் வாழ்க்கைப்பட்டதும் அக்குறணையில், கண்டி–மாத்தளை வீதியோரம். மழை கொஞ்சம் பலமாகப் பெய்தால் எங்கள் கடைவீதி ஆறாகிவிடும். சாச்சியின் கணவர் றவூப் சாச்சாவுக்கு வாளி, பேசின், அலுமினியச் சட்டி விற்கிற கடை. சீனிக் கடையில் வெள்ளம் வந்தால் சீனி கரையும், துணிக் கடையில் துணி நனையும். பிளாஸ்டிக் கடையில் வெள்ளம் வந்தால் சரக்கு ஊர்வலம் போகும். ஒரு வருடம் பேசின்களெல்லாம் நிறவாரியாகப் பிரிந்து பள்ளிவாசல் பக்கம் மிதந்து போயின. சாச்சா சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு, ஒவ்வொன்றையும் பெயர் சொல்லி அழைக்காத குறையாகப் பின்னால் ஓடினார். கடைச் சுவரில் ஒவ்வொரு வெள்ளத்துக்கும் பெயின்ட் கோடு உண்டு. பிள்ளைகளின் உயரத்தைக் குறிக்கிற இடத்தில் எங்கள் ஊரார் தண்ணீரின் உயரத்தைக் குறித்து வைப்பார்கள். தண்ணீர் ஏறாத இடம் நல்ல இடம். அக்குறணையில் காணி சாஸ்திரம் அங்கே தொடங்கி அங்கேயே முடிந்துவிடும்.

காணி பார்க்கிறவர் என்ற பெயர் சாச்சிக்கு இரண்டு காணிகளால் வந்தது. ஓர் உறவினர் வாங்கவிருந்த துண்டில் மண்ணைத் தாங்கி நின்ற கல்சுவரைப் பார்த்து, "இந்தக் கட்டு வயிறு தள்ளி நிக்கிது, வாங்காதீங்கோ" என்றார். அடுத்த மழையில் அந்தக் கட்டு மண்ணோடு சரிந்து பாதை வரைக்கும் வந்து உட்கார்ந்தது. இன்னொருவருக்கு மிளகு வைக்க ஓர் இடத்தைக் காட்டினார். கொடிகள் கூரைக்கு மேலே போய்விட்டன. தவறிப்போன காணிகளும் உண்டு. அவற்றைப் பற்றிச் சாச்சி பேசுவதில்லை, வாங்கியவர்களும் வெட்கத்தில் பேசுவதில்லை. அதனால் ஊருக்குத் தெரிந்தவை அந்த இரண்டும்தான்.

நான் நாடுநாடாகப் பழத் தோட்டங்களில் வேலை செய்துவிட்டு வீடு திரும்பியிருந்தேன். ஓரிடத்தில் உட்காரத் தெரியாத எனக்கு, சாச்சியோடு காணி பார்க்கப் போவதுதான் ஊரில் இருந்தபடியே பயணம் போகிற வழி. எங்களை ஏற்றிக்கொண்டு போகிறவன் பஹீம், சாச்சாவின் தங்கை மகன். ஆட்டோ ஓட்டுவது பெயருக்கு. காணித் தரகுதான் தொழில்.

சாச்சிக்கு இருந்த தொல்லையே இந்தப் பஹீம்தான். சாச்சி ஒரு காணியைப் பார்த்து நல்லது என்று சொல்லிவிட்டால், ஆட்டோ வீடு வந்து சேருமுன் அவன் அதை யாருக்காவது பேசி முடித்துவிடுவான். வாயால் சொல்லவும் தேவையில்லை. காணி பிடித்துவிட்டால் சாச்சியின் இடது புருவம் தானாகவே மேலே போகும். பஹீம் ஆட்டோக் கண்ணாடியில் பாதையைப் பார்ப்பதைவிட அந்தப் புருவத்தைத்தான் அதிகம் பார்ப்பான்.

ஊருக்கெல்லாம் காணி பார்த்துக் கொடுத்த சாச்சிக்குச் சொந்தமாகக் கைப்பிடி மண் கிடையாது. கடைக்கு மேலே மாடியில் குடியிருப்பு. மொட்டை மாடியில் வெடித்த வாளிகளில் பச்சைமிளகாயும் கறிவேப்பிலையும். கடையை மகன் நஸீப் பொறுப்பெடுத்த பிறகு சாச்சிக்கு ஒரே ஆசைதான் இருந்தது. ஒரு துண்டு நிலத்தைக் குத்தகைக்கு எடுத்து மரக்கறி போட வேண்டும். தன் கையால் விளைந்ததை வத்தேகமச் சந்தையில் தன் வாயால் விலை சொல்லி விற்க வேண்டும். "நாப்பது வருசம் மத்தவங்க செஞ்ச வாளிய வித்தாச்சி. எனக்கிண்டு ஒரு கத்தரிக்காய வித்துட்டு மௌத்தாகணும்" என்பார். இரண்டு தடவை காணி பிடித்தது. இரண்டு தடவையும் புருவம் காட்டிக் கொடுத்தது. இரண்டையும் பஹீம் வேறு யாருக்கோ பேசி முடித்தான்.

அந்த வருடம் செப்டெம்பரில் வத்தேகமவுக்கு அப்பால் இரண்டு காணிகள் குத்தகைக்கு வந்தன. இரண்டும் ஒரே ஆளுடையவை. கட்டுகஸ்தோட்டையில் இருந்த ஓய்வுபெற்ற பொறியியலாளர் ஒருவர், சிங்களவர், நல்ல மனிதர். மேல் காணி சரிவில் இருந்த மேடு, பழைய மிளகுத் தோட்டம். கீழ்க் காணி ஆற்றோரம். சாச்சியும் நானும் பஹீமுக்குத் தெரியாமல் பஸ்ஸில் போய் இரண்டையும் பார்த்தோம். மேல் காணியின் எல்லையில் காட்டுச் சூரியகாந்தி ஆளுயரத்துக்கு நின்றது. ஓரத்தில் சின்ன ஊற்று ஒன்று சலசலத்தது. சாச்சியின் புருவம் தலையை மூடியிருந்த முட்டாக்குக்குள் போய் மறைந்தே விட்டது. கீழ்க் காணியிலோ, ஆற்றோர மூங்கில்களில் என் தோள் உயரத்துக்குப் பொலித்தீன் பைகள் வரிசையாகத் தொங்கின. போன வெள்ளம் மாட்டிவிட்டுப் போனவை. சாச்சி அதைக் கண்டதும் பாம்பைக் கண்டவர் போலத் திரும்பிவிட்டார்.

பிரச்சினை என்னவென்றால், காணிக்காரர் கொழும்பில் மகளிடம் போயிருந்தார். வருவதற்குச் சில நாட்கள் ஆகும். அதற்குள் பஹீம் மோப்பம் பிடித்துவிட்டான். "மாமி, வத்தேகமையில ரெண்டு காணி ஈக்காம். பாத்துட்டு வருவமா?" என்று கடை வாசலில் ஆட்டோவை நிறுத்தினான்.

"வாறன், கொஞ்சம் நில்லு" என்று சொல்லிவிட்டு சாச்சி என்னை உள்ளே இழுத்தார்.

"மேக் காணி எனக்கி. கீழ்க் காணி பஹீமுக்கு."

"பஹீமுக்கா?"

"அவன்ட வாய்க்கி. வாய்க்கி ஏதும் போட்டாத்தானே அவன் மத்தப் பக்கம் திரும்புவான்."

"பாவமில்லையா சாச்சி, யாராவது நம்பி எடுத்தா?"

"யாராவது கொழும்புப் பணக்காரன் எடுப்பான். ஒரு வெள்ளம் வந்தா ஓடிப்போவான். அவனுக்கு நட்டமா? நீ வாய மூடிட்டு வா. சிரிச்சியெண்டா ஆட்டோவால தள்ளிவிடுவன்."

மேல் காணிக்குள் நுழைந்ததும் சாச்சி முட்டாக்கைப் புருவத்துக்குக் கீழே இழுத்துவிட்டுக்கொண்டு கொட்டாவி விட்டார். சாதாரணக் கொட்டாவி இல்லை. கண்ணில் தண்ணீர் வருகிற மாதிரி, பஹீமுக்கும் தொற்றுகிற மாதிரி.

"இது என்னத்தியன் காணி. ஆடு கட்டவும் ஏலாது. வா கீழ போவம்."

கீழே போனதும் நடிப்புத் தொடங்கியது. செருப்பைக் கழற்றினார். ஒரு பிடி மண்ணை அள்ளினார். மூக்கருகே கொண்டுபோய்க் கண்ணை மூடினார்.

"மாஷா அல்லாஹ். பஹீம், இஞ்ச பாரு. தொதல் மாதிரி மெதுமெதுண்டு ஈக்கிது. இதில போஞ்சி போட்டா பந்தலே சரியும். முள்ளங்கி ஒன்ட கை மொத்தத்துக்கு வரும். கங்குன் கீர வெட்ட வெட்ட வந்துட்டே ஈக்கும். பசளையும் தேவயில்ல, ஒண்டும் தேவயில்ல."

வல்லாஹி என்று மட்டும் சொல்லவில்லை. பொய்ச் சத்தியத்தில் சாச்சி மிகவும் கவனம்.

பஹீமும் அக்குறணைப் பிள்ளைதானே. அவன் கண் மூங்கிலுக்குப் போனது. "மாமி, அந்த மூங்கில்ல பொலித்தீன் தொங்குதே. தண்ணி வாற எடமோ?"

"அது கொரங்கு கொண்டுவந்து தொங்கப்போட்டது."

"கொரங்கு இவ்வளவு வரிசையாவா தொங்கப்போடும்?"

"இது வத்தேகமக் கொரங்கு. ஸ்கூலுக்குப் போன கொரங்கு."

நான் ஆற்றைப் பார்த்துத் திரும்பி நின்று உதட்டைக் கடித்துக்கொண்டேன். பஹீம் மீண்டும் மாமியின் புருவத்தைத் தேடினான். அதற்குள் சாச்சி முட்டாக்கை மெல்லப் பின்னால் தள்ளிவிட்டிருந்தார். அங்கே இடது புருவம் வேலைக்கு வந்து நின்றது. எப்படித்தான் உயர்த்தினாரோ.

அந்த வாரக் கடைசியில் காணிக்காரர் வந்தார். றவூப் சாச்சா தன் அழகான சிங்களத்தோடும் ஒரு பெட்டி மஸ்கட் இனிப்போடும் போய் மேல் காணியை எழுதிக்கொண்டு வந்தார். சாச்சி அன்று எங்களுக்கெல்லாம் வட்டிலாப்பம் செய்தார். நாங்கள் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதே வீதிக்கு அந்தப் பக்கத்திலிருந்து சூசையம்மா ஓடிவந்தார்.

சூசையம்மா கலஹா பக்கம் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து எடுத்தவர். அந்த வேலையை விட்டுவிட்டுக் கணவர் யாகப்பரோடு வத்தேகமவில் அறையெடுத்து இருந்தார். தோட்டக்காரர்களிடம் கீரை வாங்கி, எங்கள் கடைக்கு எதிரே நடைபாதையில் வைத்து விற்பார். அவரும் சாச்சியும் வீதிக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாக இருந்து நாள் முழுக்க ஒருவரையொருவர் வம்புக்கு இழுப்பார்கள். இடையில் பஸ் போனால் நிறுத்தி, பஸ் போனதும் விட்ட இடத்தில் தொடங்குவார்கள்.

"றலியாக்கா! கையக் குடுங்க மொதல்ல!" சூசையம்மா சாச்சியின் வட்டிலாப்பக் கையையே பிடித்துக் குலுக்கினார். "காணி எடுத்துட்டோம்! ஆத்தோரக் காணி! பஹீம் தம்பிதான் சொல்லிச்சு. நீங்க மண்ண அள்ளி வச்சிக்கிட்டு அழுதீங்களாம்ல?"

"அழல்ல" என்றார் சாச்சி. முகம் வெளுத்துவிட்டது.

"அழுதீங்கன்னு சொல்லிச்சே! நான் யாகப்பர்கிட்ட சொன்னேன், றலியாக்கா கல்யாணத்துலயே அழாத பொம்பள, அது மண்ணப் பாத்து அழுதிருக்குன்னா என்னா மண்ணா இருக்கணும்னு! உங்க வாயிக்காகத்தான் எடுத்தோம். எங்களுக்குத் தேயிலைய விட்டா மண்ணப் பத்தி என்னா தெரியும்? இனிமே கீரைக்கு அடுத்தவன் கைய எதிர்பாக்க வேணாம்."

அவர் போன பிறகு சாச்சி வட்டிலாப்பத்தைத் தொடவில்லை. சாச்சா தட்டை மெல்லத் தன் பக்கம் நகர்த்திக்கொண்டு, "கொழும்புப் பணக்காரன் எண்டீங்க?" என்றார்.

மறுநாள் காலை சாச்சி வீதியைக் கடந்து போனார். நானும் போனேன். சூசையம்மா வல்லாரைக் கட்டுகளுக்குத் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தார்.

"சூசை, அந்தக் காணி சரிவராது. நான் அன்டைக்கி சும்மா சென்னது. திருப்பிக் குடுத்துடுங்க."

சூசையம்மாவின் கை நின்றது. கண்கள் சுருங்கின. "ஓகோ."

"என்ன ஓகோ?"

"நல்லாருக்குன்னு சொன்ன வாயி, நான் எடுத்த ஒடனே நல்லால்லங்குதா? நான் வுட்டுட்டுப் போனா நீங்க எடுத்துக்கலாம்னு பாக்குறீங்க."

"வல்லாஹி இல்ல சூசை! வெள்ளம் வாற எடம் அது!"

"சத்தியம்லாம் வேணாங்கக்கா. காணி ஆச வந்துட்டா மனுசி என்னா வேணும்னாலும் சொல்லுவா. எனக்குத் தெரியாதா?"

சாச்சி செருப்பை இழுத்துக்கொண்டு வீதிக்கு இறங்கினார். அதுவரை அவர் சொன்ன பொய்களையெல்லாம் ஊரே நம்பியது. முதல் உண்மையை வல்லாரை விற்கிற பெண்கூட நம்பவில்லை. திரும்பி வரும்போது, "நல்ல தோழிதான். என்னயே களவாணி எண்டுட்டா" என்று முணுமுணுத்தார். அது சரியாகத்தான் இருக்கிறது என்பது அவருக்கும் தெரிந்திருந்தது. இல்லாவிட்டால் அவ்வளவு கோபம் வந்திருக்காது.

நவம்பரில் மழை பிடித்தது. மூன்றாம் நாள் விடிந்ததும் சாச்சி பஹீமின் ஆட்டோவில் ஏறி உட்கார்ந்துவிட்டார். கடைச் சரக்கை மாடிக்கு ஏற்றிக்கொண்டிருந்த சாச்சாவும் நஸீபும் கத்தியது அவர் காதில் விழவில்லை. மடவளை தாண்டிப் போகிற பாதையில் இரண்டு இடத்தில் இறங்கி ஆட்டோவைத் தள்ளினோம்.

கீழ்க் காணி இருந்த இடத்தில் பழுப்பு நிறத்தில் ஆறு ஓடியது. மூங்கிலின் தலைதான் தெரிந்தது. மேட்டில் ஒரே குடைக்குள் சூசையம்மாவும் யாகப்பரும் உட்கார்ந்திருந்தார்கள். போட்ட பாத்தியெல்லாம் தண்ணீருக்கு அடியில்.

சாச்சி அவர்கள் முன்னால் போய் நின்றார். மழையில் முட்டாக்கு முகத்தோடு ஒட்டிக்கிடந்தது. "நான் தெரிஞ்சிதான் பொய் சென்ன, சூசை. மேக் காணிய எனக்கி எடுக்கிறதுக்காக. மூங்கில்ல தொங்கினது வெள்ளத்தில வந்த பொலித்தீன்."

சூசையம்மா எழுந்தார். "கொரங்குன்னு சொன்னீங்களாமே!"

"சென்ன."

"ஸ்கூலுக்குப் போன கொரங்கு!"

சாச்சி தலையைக் குனிந்துகொண்டார்.

"அடிப் பாவி" என்றார் சூசையம்மா. அவ்வளவுதான். குடையை எடுத்துக்கொண்டு நடந்துவிட்டார். யாகப்பர் மழையில் நனைந்தபடி எங்களைப் பார்த்து, வேறு என்ன செய்வதென்று தெரியாமல், "தேத்தண்ணி குடிக்கிறீங்களா?" என்று கேட்டார்.

பின்னால் நின்ற பஹீமின் வாய் திறந்தபடியே இருந்தது. "அப்ப மாமி, மேக் காணியில கொட்டாவி விட்டது?"

"அதுவும் பொய்தான்."

திரும்பும் வழியெல்லாம் அவன் ஆட்டோக் கண்ணாடியில் புருவத்தைத் தேடவில்லை. மனதுக்குள் பழைய கணக்குகளையெல்லாம் திருப்பிப் போட்டுக்கொண்டு வருகிறான் என்பது பின்கழுத்திலேயே தெரிந்தது. மாமி புகழ்ந்தால் கெட்ட காணி, மாமி கொட்டாவி விட்டால் நல்ல காணி. அன்றிலிருந்து அவன் அந்தச் சூத்திரத்தைத்தான் பிடித்துக்கொண்டான்.

சூசையம்மா எங்கள் கடைக்கு எதிரே வருவதை நிறுத்திவிட்டு, அரை மைல் தள்ளி வேறிடத்தில் கடை போட்டார். சாச்சி கல்லாவில் உட்கார்ந்து எதிர்ப்பக்க நடைபாதையையே பார்த்துக்கொண்டிருப்பார். யாராவது வாளி கேட்டால் பேசினை எடுத்துக் கொடுப்பார்.

மேல் காணியாவது கைகொடுத்திருக்கலாம். மண்வெட்டியை ஓங்கிப் போட்டால் ஒரு சாணுக்குக் கீழே தீப்பொறி பறந்தது. காட்டுச் சூரியகாந்தி எல்லையில் மட்டும் ஏன் அவ்வளவு செழிப்பாக நின்றது என்று அப்போதுதான் விளங்கியது. நடுவில் நிற்க அதற்கும் இடமில்லை. எல்லாம் கல். இருந்த மண்ணைக் கூட்டிப் பெருக்கிச் சாச்சி போஞ்சியும் தக்காளியும் போட்டார். பிஞ்சு பிடித்ததும் குரங்குகள் குடும்பத்தோடு வந்தன. காவலுக்குச் சாச்சா ஒரு கதிரையில் உட்கார்ந்து கடையிலிருந்து கொண்டுவந்த அலுமினிய மூடிகளைத் தட்டினார். முதல் நாள் குரங்குகள் ஓடின. இரண்டாம் நாள் உட்கார்ந்து கேட்டன. மூன்றாம் நாள் சாச்சா லுஹர் தொழுதுவிட்டு வருவதற்குள் ஒரு மூடியையும் தூக்கிக்கொண்டு போய்விட்டன.

பெப்ரவரியில் ஊற்று வற்றியது. நாங்கள் அதைப் பார்த்தது செப்டெம்பரில், முந்திய பருவமழை விட்ட கையோடு. வாளி வாளியாகக் கீழே ஆற்றிலிருந்து தண்ணீர் சுமந்தோம். வாளிக்குப் பஞ்சமில்லை, அது ஒன்றுதான் ஆறுதல். நடுவழியில் சாச்சா மூச்சு வாங்க நின்று, "எந்தக் காணிக்குப் போனாலும் தண்ணி வருதா வருதா எண்டு பயந்து கேப்பீங்க. எனக்கிச் செல்லுங்கோ, இஞ்ச வராத தண்ணிய வெச்சிக்கிட்டு என்னத்த வளக்கிற?" என்றார். சாச்சி அவர் கையிலிருந்த வாளியையும் பிடுங்கிக்கொண்டு மேலே ஏறினார்.

அந்த மாதக் கடைசியில் ஒருநாள் கடைக்குள் ஈரமான கங்குன் கட்டொன்று பறந்து வந்து கல்லாவில் விழுந்தது. வாசலில் சூசையம்மா இடுப்பில் கைவைத்து நின்றார்.

"என்ன இது?" என்றார் சாச்சி.

"கூலி."

"என்னத்துக்கு?"

"சொன்ன பொய்யிக்கு."

சாச்சி கட்டை எடுத்துப் பார்த்தார். தண்டு பளபளவென்று விரல் தடிப்பில் இருந்தது. என்னைப் பார்த்தார், நான் பஹீமுக்குப் போன் செய்தேன்.

கீழ்க் காணியை எனக்கு அடையாளம் தெரியவில்லை. போஞ்சிப் பந்தல் ஒரு பக்கம் சரிந்து, யாகப்பர் அதற்கு முட்டுக்கொடுத்திருந்தார். முள்ளங்கி பஹீமின் கை மொத்தம் இல்லை, ஆனால் என் கை மொத்தம் இருந்தது. வெள்ளம் இறங்கியபோது முழங்கை ஆழத்துக்குக் கறுப்பு வண்டலை விட்டுவிட்டுப் போயிருக்கிறது. அக்குறணையில் வெள்ளம் வந்தால் எதையாவது கொண்டுபோகும். கடைக்காரர்களான எங்களுக்கு அது ஒன்றுதான் தெரியும். வரும்போது எதையாவது கொண்டுவரவும் கூடும் என்று யாரும் சுவரில் கோடு போட்டு வைக்கவில்லை.

சாச்சி குனிந்து ஒரு பிடி மண்ணை எடுத்தார். முகர்ந்து பார்க்கவில்லை. அப்படியே பிடித்துக்கொண்டு நின்றார்.

"நான் சென்னதெல்லாம் பொய் சூசை" என்றார் மறுபடியும், யாரோ தன்னை ஏமாற்றிவிட்ட மாதிரி.

"உங்களுக்குப் பொய்யி. மண்ணுக்கு அது தெரியாதே" என்றார் சூசையம்மா. பிறகு கொஞ்சம் இறங்கி, "அதுக்காக மன்னிச்சுட்டேன்னு நெனச்சுறாதீங்க. மொதப் பாத்தி பூரா போச்சு. யாகப்பரு ரெண்டு நாளு சோறு திங்கல. அடுத்த வெள்ளம் கல்லக் கொண்டாந்து போட்டாலும் போடும், யாரு கண்டா? ஒங்க மேக் காணி எப்பிடி?"

"நல்லம்."

"றலியாக்கா."

"கல்லு, கொரங்கு, தண்ணியில்ல."

சூசையம்மா சிரித்தார். மாதக்கணக்காகச் சேர்த்து வைத்திருந்த சிரிப்பு. அது முடிவதற்கு நேரமெடுத்தது. சாச்சி பொறுமையாகக் காத்து நின்றார். பிறகு அவருடைய கண் பந்தலுக்கு அப்பால் போனது. அங்கே அதே ஆற்றோரத்தில் நாணல் மூடிய இன்னொரு துண்டு கிடந்தது.

"அது ஆருட?"

"அதே பொறியியலாளரோடதுதான். குத்தகைக்கு விடப் போறாராம்." சூசையம்மா சாச்சியின் நெற்றியைப் பார்த்துவிட்டு, "ஐயோ, அந்தப் புருவத்த எறக்குங்க மொதல்ல!" என்றார்.

இம்முறை அவசரம் கூடுதல். சாச்சா அன்று பின்னேரமே காணிக்காரர் வீட்டுக்குப் போனார். அவர் வெளியே போயிருந்ததால் காத்திருந்துவிட்டுத் திரும்பினார். அடுத்த நாள் காலையும் போய் வாசலில் உட்கார்ந்தார். அதே காலையில் சாச்சியும் நானும் சூசையம்மாவுக்குப் போஞ்சி பறித்துக் கொடுத்துக்கொண்டிருந்தபோது, மேலே பாதையில் பஹீமின் ஆட்டோ வந்து நின்றது. அவனோடு ஒருவர் வெள்ளைச் சப்பாத்தோடு இறங்கினார். கண்டியில் பல் வைத்தியராம். வார இறுதியில் விவசாயம் செய்ய ஆசையாம்.

"இவங்கதான் எங்கட மாமி" என்று பஹீம் அறிமுகப்படுத்தினான். "மாமி, அந்த நாணல் துண்டு எப்பிடி?"

சூசையம்மாவின் கை போஞ்சிக் கொடியிலேயே நின்றது. சாச்சி நிமிர்ந்தார். முட்டாக்கை நன்றாகப் பின்னால் தள்ளினார். இரண்டு புருவமும் வெளியே இருந்தன.

"நல்ல காணி" என்றார். "வல்லாஹி நல்ல காணி. நான் இதுவரைக்கும் பாத்ததிலயே இதுதான் ஆகத் திறமான மண். வெள்ளம் வரும், ஆனா வண்டல் போட்டுட்டுப் போகும். இந்தப் பந்தலப் பாருங்கோ, நாணல வெட்டினா அந்தப் பக்கமும் இப்பிடித்தான் வரும். எனக்கே அது வேணும்."

பஹீம் பல் வைத்தியரைப் பார்த்து மெல்லக் கண்ணடித்தான்.

"அப்ப மாமி, மேல ஒங்கட காணி?"

"அது சரியில்ல. அடியில கல்லு. பெப்ரவரியில ஊத்து வத்தும். கொரங்குத் தொல்ல வேற. எடுக்காதீங்க."

"எடுக்கவே வேணாமா?"

"எடுக்க வேணாம் மகன். நான் உண்மையாத்தான் செல்றன்."

"சரி மாமி, சரி" என்றான் பஹீம். குழந்தையின் விளையாட்டுக்கு ஒத்துக்கொள்கிற குரல். பல் வைத்தியரின் முழங்கையைப் பிடித்து மேட்டுப் பக்கம் திருப்பினான். "வாங்க டொக்டர். நமக்கு வேண்டியது மேலதான் ஈக்கிது."

அவர்கள் ஏறிப் போவதைச் சாச்சி பார்த்துக்கொண்டே நின்றார். "டொக்டர்! மேல கல்லு!" என்று ஒருமுறை கூப்பிட்டும் சொன்னார். பல் வைத்தியர் திரும்பிப் பார்த்து, எல்லாம் விளங்கிவிட்டது என்பதுபோல் புன்னகைத்தார். நல்ல பற்கள்.

"எல்லாத்தையும் செல்லிட்டன்" என்றார் சாச்சி என்னிடம். "நீ சாட்சி. ஒரு சொல்லுப் பொய்யில்ல."

சூசையம்மா பந்தலுக்கு அடியில் உட்கார்ந்து, போஞ்சிக் கூடைக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டு குலுங்கினார். அப்போது என் போன் அடித்தது. றவூப் சாச்சா. காணிக்காரர் கிடைத்துவிட்டாராம். நாணல் துண்டு எங்களுக்குத்தானாம். மேல் காணியை வேறு யாராவது பொறுப்பெடுத்தால் அதற்கும் ஆட்சேபணை இல்லையாம்.

மேலேயிருந்து பஹீமின் குரல் இறங்கி வந்தது. "மாமி! இவ்வளவு அருமையான வியூ உள்ள காணியயா ஒளிச்சி வெச்சீந்தீங்க? டொக்டர் எடுக்கிறாராம்!"

"செல்லச் செல்லக் கேக்காட்டி நான் என்னத்தச் செய்ய?" என்றார் சாச்சி. யாகப்பரிடமிருந்து ஒரு மூங்கில் குச்சியை வாங்கிக்கொண்டு நாணலுக்குள் இறங்கினார். இரண்டு துண்டுகளும் சந்திக்கிற இடத்தில் நின்று, "சூசை, எல்ல இதுதானே?" என்று கேட்டார்.

"ஒரு அடி தள்ளுங்க. அது எம்பக்கம்."

"அரை அடி."

"ஒரு அடின்னா ஒரு அடி. உங்கள நான் நம்ப மாட்டேன்."

சாச்சி ஓர் அடி தள்ளிக் குச்சியை ஊன்றி அழுத்தினார். அது ஒரே அழுத்தில் பாதி வரைக்கும் உள்ளே போய்விட்டது.